வாங்கார்ட் காரின் எட்டாவது படம்

இதைப் படித்துவிட்டுக் கட்டுக்கதை என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். எட்டு நெகடிவ்கள் பத்திரமாக இருக்கின்றன. ஒவ்வொரு படத்துக்கும் நேரமும் செகண்டும் பென்சிலால் குறித்து வைத்த நோட்டும் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி அரிசி மில் குமாஸ்தா பூவராகவனின் நோட்டு அது. நாள்: 1957 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. கீழே வரும் நேரங்கள் அந்த நோட்டில் உள்ளபடியே.

பூவராகவனுக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. ஆனால் கார் என்றால் உயிர். ஓட்ட அல்ல, படம் பிடிக்க. ஞாயிற்றுக்கிழமைகளில் அவனும் பொன்னேரி நூர் முகம்மதுவும் கல்கத்தா ரோட்டோரம் நின்று, போகிற வருகிற வண்டிகளை எடுப்பார்கள். ஓடும் வண்டியோடு காமிராவையும் சேர்த்துத் திருப்பினால் வண்டி மட்டும் தெளிவாக நிற்கும், பின்னால் இருக்கும் மரமெல்லாம் கோடாக ஓடும். அந்த வித்தை நூர் முகம்மதுவுடையது. நிற்கிற வண்டியை எடுப்பதில் பூவராகவனை அடிக்க ஆள் கிடையாது.

நிற்கிற வண்டியில் எல்லாமே வெளிச்சம்தான். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுத்தால் தகரத்தில் இருக்கும் நசுங்கல் தெரியாது. வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால் உள்ளங்கை அகலப் பள்ளம்கூடக் கிணறு மாதிரி தெரியும். இது அந்த இரண்டு பேருக்கும் அத்துப்படி.

இந்த அறிவைத்தான் 1955 ஆகஸ்டில் பூவராகவன் விற்றான்.

மில் முதலாளியின் சாம்பல் நிற வாங்கார்ட், கவரப்பேட்டைக்குப் பக்கத்தில் கருவாட்டுக்காரி கெங்கம்மாளை அடித்துப் போட்டது. ஓட்டியது முதலாளி. அவள் அங்கேயே போய்விட்டாள். வண்டியின் முன் மட்கார்டில் ஒரு குழி. முதலாளி பூவராகவனைக் கூப்பிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார்.

"படத்துல அது தெரியக் கூடாது."

தெரியவில்லை. காலை ஏழு மணிக்குச் சாய்வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துக் குழி எவ்வளவு ஆழம் என்று பார்த்துக்கொண்டான். பிறகு பத்தரை மணிக்கு, சூரியனை முதுகில் வாங்கிக்கொண்டு இரண்டாவது படம். அந்த இரண்டாவது படம் கோர்ட்டுக்குப் போயிற்று. வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை என்று கேஸ் தள்ளுபடி ஆனது. முதலாளி மெட்ராசிலிருந்து அவனுக்கு ஒரு ஜெர்மன் மடக்குக் காமிரா வாங்கிக் கொடுத்தார். அதற்கு முன்பு அவனிடம் இருந்தது வெறும் பெட்டிக் காமிரா.

காலை ஏழு மணியிலிருந்தே மில் கேட்டுக்கு வெளியே ஒருத்தி நின்று அவன் இரண்டு படமும் எடுத்ததைப் பார்த்திருக்கிறாள். கெங்கம்மாளின் அக்கா மணியம்மாள். அன்றிலிருந்து மாதம் ஒரு தடவை வருவாள். வலது கையால் இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு எதிரே நிற்பாள்.

"மொதல்ல ஒண்ணு எடுத்தியே ஐயா. அதைக் குடு. மேல்கோர்ட்டுல காட்டணும்னு வக்கீலு சொல்றாரு."

"அது எரிஞ்சிபோச்சும்மா."

எரியவில்லை. அவன் வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தது. கொடுத்தால் வேலை போகும். காமிராவும் போகும். கொடுக்காமல் இருந்தால் எதுவும் போகாது. ஒன்றரை வருஷமாக அவன் இதைத்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தான். பிப்ரவரி கடைசியில் அவள் வரவில்லை. அப்பாடா என்றிருந்தது.

மார்ச்சில் முதலாளி வண்டியை நெல்லூர்க்காரர் ஒருவருக்கு விற்க நினைத்தார். நல்லதாக எட்டுப் படம் வேண்டும் என்றார். குழியை எப்போதோ தட்டி நிமிர்த்திப் பெயிண்ட் அடித்தாயிற்று. விரலால் தடவினாலும் தெரியாது.

பூவராகவன் பழவேற்காட்டுப் பக்கம் உப்பு நிலத்தைத் தேர்ந்தெடுத்தான். காரணம் இருந்தது. பாலிஷ் போட்ட கார் கண்ணாடி மாதிரி. எதிரில் மரம் இருந்தால் கதவில் மரம் தெரியும், மாடு நின்றால் மாடு தெரியும். அங்கே ஒன்றும் கிடையாது. ஓர் ஒற்றைப் பனை, தரையோடு தரையாக உமரிச் செடி, அவ்வளவுதான். தானும் கதவில் தெரியாமலிருக்கப் படம் எடுக்கும்போது தலைமுதல் கால்வரை கறுப்புத் துணியால் போர்த்திக்கொள்வான்.

டிரைவர் ஆசீர்வாதம் வண்டியை நிறுத்திவிட்டு உடனே இறங்கினான்.

"நான் டீக்கடையாண்ட இருக்கேன். முடிஞ்சதும் வந்து கூப்புடு."

"இங்கயே குந்தேன்."

"பொழுது சாஞ்சா இந்த வண்டியாண்ட நான் நிக்கறதில்ல குமாஸ்தா."

"ஏன், கடிக்குதா?"

ஆசீர்வாதம் சிரிக்கவில்லை. போய்விட்டான். கடை அரை மைல் தள்ளி இருந்தது.

5.52க்கு முதல் படம். 6.18க்குச் சூரியன் இறங்கியது. பூவராகவன் காத்திருந்ததே அதற்குத்தான். சூரியன் போன பிறகு மிச்சமிருக்கும் வெளிச்சத்தில் பெயிண்ட் பால் மாதிரி மினுங்கும். ஆனால் ஷட்டரை நெடுநேரம் திறந்து வைக்க வேண்டும். ஸ்டாண்டில் காமிராவை நிறுத்தி, அதில் மாட்டிய நீளமான ஒயரின் நுனியைக் கட்டைவிரலால் அமுக்க வேண்டும். 'டிக்' என்று திறக்கும். மனசுக்குள் எண்ண வேண்டும். விட்டால், 'டிக்' என்று மூடும்.

நோட்டில் இப்படி இருக்கிறது: ஐந்தாவது படம், 6.24, ஆறு செகண்டு. ஆறாவது, 6.29, எட்டு செகண்டு. ஏழாவது, 6.33, பன்னிரண்டு செகண்டு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு டிக் அடையாளம். பிலிமைச் சுற்றியாயிற்று என்று அர்த்தம். சுற்ற மறந்தால் ஒரு படத்தின் மேல் இன்னொரு படம் விழுந்துவிடும். படம் எடுக்கிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிற தப்பு அது. பூவராகவன் செய்ததே இல்லை.

கடலிலிருந்து நல்ல காற்று. பனை ஓலை சடசடத்துக்கொண்டே இருந்தது.

கடைசிப் படத்துக்குக் காமிராவை முன் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நேரே தாழ்த்தி வைத்தான். பிலிமை எட்டுக்குச் சுற்றினான். பார்த்தால், சக்கரத்தின் நிக்கல் மூடியில் உப்புத் தூசி. ஸ்டாண்டை அப்படியே விட்டுவிட்டு, போர்வையைக் கழற்றிப் போட்டுவிட்டு, வண்டியிடம் போய்க் குந்தித் துடைக்க ஆரம்பித்தான்.

டிக்.

என்ஜின் ஆறுகிறது என்று நினைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். பழக்க தோஷம்... மனசு தானாக எண்ணியது.

ஒண்ணு... ரெண்டு... மூணு...

ஓலைச் சத்தம் கேட்கவில்லை. காற்று மட்டும் முகத்தில் அடித்தது.

ஒன்பது... பத்து...

பின்னால் கருவாட்டு வாடை.

பதினொண்ணு... பன்னெண்டு...

டிக்.

அது என்ஜின் இல்லை. அந்தச் சத்தத்தை அவன் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்வான்.

திரும்பினான்.

யாரும் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வெட்ட வெளி.

காமிராவிலிருந்து தொங்கிய ஒயர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. காற்றுக்கு எதிர்ப்பக்கமாக.

கைக்கடிகாரம் பார்த்தான். 6.38.

அதையும் நோட்டில் குறித்தான். பிறகு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு டீக்கடையைப் பார்த்து ஓடினான்.

மறுநாள் பகல் பதினொரு மணிக்குப் பொன்னேரியில், நூர் முகம்மதுவின் இறால் கிடங்குக்குப் பின்னால் இருந்த இருட்டறையில் பிலிமைக் கழுவினார்கள். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே சிவப்பு விளக்கு.

"இன்னா நைனா, மொதலாளி வண்டிக்கு மறுபடியும் பவுடர் பூசிக்கினு வந்தியா?"

"வேலையப் பாரு பாய்."

"பாக்கறேன். உன் போட்டோதான் பாக்கறவன் கண்ணயே அவிச்சிடுமே."

ஒன்றரை வருஷமாக நூர் முகம்மது இப்படித்தான் குத்துவான்.

காகிதம் தட்டில் மிதந்தது. மூன்றாவது படம் மெல்ல எழும்பியது. கதவில் தெரிந்த வானத்தின் அடியில் ஒரு புள்ளி.

"தூசி," என்றான் பூவராகவன்.

ஐந்தாவது படம். புள்ளி பெரிதாகி இருந்தது. ஒரு பெண்பிள்ளை உயரம்.

ஏழாவது படம். கதவில், அவன் நின்ற இடத்துக்கு நான்கடி பின்னால் அவள் நின்றாள். வலது கையால் இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டு.

பூவராகவனுக்கு முதலில் பயம் வரவில்லை. ஆத்திரம் வந்தது.

"மணியம்மா! அங்கயே வந்துட்டாளா? என் பின்னாலயே வந்து நின்னிருக்கா பாரு!"

நூர் முகம்மது படத்தை விளக்கருகே தூக்கிப் பிடித்தான்.

"இது எத்தினி செகண்டு?"

"பன்னெண்டு."

"பனை ஓலை பாரு. கலங்கிப் போயிருக்குது. செடி கலங்கிப் போயிருக்குது. அத்தினி காத்து." விரலால் தொட்டான். "இவ முந்தானை பாரு."

முந்தானையின் கரைக்கோடு கத்தி மாதிரி இருந்தது. ஒரு முடிகூட அசையவில்லை.

"பன்னெண்டு செகண்டு... மூச்சு உட்ற மனுசன் இப்டி நிப்பானா?"

பூவராகவன் படத்தை வாங்கி முந்தானையை உற்றுப் பார்த்தான்.

"பிலிம் சுத்த மறந்துட்டியா? ஒண்ணுமேல ஒண்ணு உழுந்துச்சா?"

பூவராகவன் நோட்டைக் காட்டினான். ஏழு படம், ஏழு டிக்.

எட்டாவது காகிதத்தைத் தட்டில் போட்டார்கள். எடுக்காத படம். வெறுமையாகத்தான் இருக்க வேண்டும்.

கறுத்தது...

முதலில் சக்கரம் வந்தது. பிறகு மட்கார்டு.

மட்கார்டில் குழி.

தட்டி நிமிர்த்தி, பெயிண்ட் அடித்து, விரலுக்குக்கூடத் தெரியாத குழி. சாய்வெளிச்சத்தில் கிணறு மாதிரி.

அதன் முன்னால் புகை போல ஏதோ ஒன்று. தோள், தலை, ஆடுகிற கை. துடைத்துக்கொண்டிருந்த பூவராகவன்தான். அசைந்ததால் கலங்கியிருந்தான். அவன் உடம்பைத் தாண்டிக் குழி தெரிந்தது. அந்தப் படத்தில் பேய் மாதிரி இருந்தது அவன்தான்.

"மூடியப் பாரு..." என்றான் நூர் முகம்மது.

நிக்கல் மூடியில் ஸ்டாண்டு தெரிந்தது. காமிரா தெரிந்தது.

காமிராவுக்குப் பின்னால் அவள்.

முழங்கையைப் பிடித்திருக்கவில்லை.

வலது கையில் ஒயர்.

பூவராகவன் அன்றைக்கே வீட்டுக்கு ஓடி பிஸ்கட் டப்பாவைத் திறந்தான். ஏழு மணிப் படத்தின் நெகடிவ் அப்படியே இருந்தது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் நாலரை மணிக்குக் கவரப்பேட்டைக்கு அந்தப்பக்கம் இருந்த குடிசைக்குப் போனான். கொடுத்துவிடுவது என்று முடிவு. வேலை போனால் போகட்டும். வழியெல்லாம் என்ன சொல்லிக் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டே நடந்தான்.

குடிசை வாசலில் சாம்பலும் சாமந்தி இதழும் சிதறிக் கிடந்தன. மணியம்மாளின் மகள் சந்திரகலா, ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தாள்.

அவனைப் பார்த்ததும் அவள் எழுந்திருக்கவில்லை.

"இன்னிக்கிக் காத்தாலதான் அம்மாவ எடுத்தோம். இருவது நாளாப் படுத்த படுக்கை. பாயை உட்டு எழுந்திரிக்கல."

அவன் நெகடிவை நீட்டினான். அது என்ன என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வாங்காமல் அதையே பார்த்தாள்.

"எரிஞ்சிபோச்சின்னியே."

தலை குனிந்து நின்றான்.

"வக்கீலு சொன்ன கெடு போன மாசத்தோட முடிஞ்சிபோச்சி. நீயே வெச்சிக்க. வண்டி படமாச்சே, அழகா இருக்கும்."

அவன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். திரும்பி இரண்டடி வைத்தவன், கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டான்.

"எப்ப... எத்தினி மணிக்கி?"

"நேத்து. கூடூர் பாசஞ்சரு ஊதிக்கினு கெளம்புச்சே, அப்ப."

போகிற வழியில் ஸ்டேஷனில் விசாரித்தான். செவ்வாய்க்கிழமை அந்த ரயில் தாமதம். கவரப்பேட்டையை விட்டது 6.38.

அதற்கு முன், குடிசையை விட்டு அவன் நடந்து போகும்போது சந்திரகலா பின்னாலிருந்து சொன்னதுதான் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்த நோட்டில் எந்தப் படமும் குறிக்கப்படவில்லை.

"சாயங்காலமெல்லாம் ஒரே பேச்சு. அந்த ஆளு தரமாட்டான்டீ, வெளிச்சம் போவுது, நானே போய்ப் படம் புடிச்சிக்கினு வரேன்னு... எங்கம்மா காமிராவத் தொட்டதுகூட இல்ல. உசுரு போனப்புறம் பாத்தா, வலது கை கட்டைவிரலு மட்டும் எதையோ அமுக்கினாப்பல மடங்கியிருந்துச்சி. எண்ணெ போட்டு நீவிப் பாத்தோம். நிமுத்தவே முடியல. அப்பிடியே பொதச்சிட்டோம்."