இரண்டாவது சிடி என் பங்கு

பாகம் பிரித்தபோது எங்கள் பெரியப்பாவுக்கு ஒரே ஒரு விதிதான் தெரிந்திருந்தது. ஜோடியாக இருப்பதை ஆளுக்கு ஒன்றாகப் பிரிக்க வேண்டும். முதலாவது மூத்தவனுக்கு, இரண்டாவது இளையவனுக்கு. மாடு ஜோடியாக இருந்தது, அண்ணனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அண்டா இரண்டு இருந்தது, அதுவும் அப்படியே. கடைசியாக மூலையில் கிடந்த அட்டைப்பெட்டியைத் திறந்தார்.

அண்ணனும் நானும் விழுப்புரம் ஸ்டேஷன் பக்கம் ஒரு சிடி வாடகைக் கடை நடத்தி மூடியிருந்தோம். சினிமா சிடிகளையெல்லாம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டோம். ரெஸ்லிங் சிடிகளை மட்டும் விற்க இருவருக்கும் மனம் வரவில்லை. ஜட்டி போட்ட ராட்சசர்கள் நாற்காலியால் அடித்துக்கொள்ளும் வெளிநாட்டுப் பந்தயங்கள். அந்த ஊர்க்காரர்கள் தனியாகக் காசு கட்டித்தான் வீட்டு டீவியில் பார்ப்பார்களாம். அப்படிப்பட்டதை யாரோ வெட்டிச் சுருக்கி, பந்தயத்துக்கு இரண்டு சிடியாக, ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு விற்றார்கள்.

பெரியப்பா ஓர் உறையைப் பிரித்தார். இரண்டு சிடி இருப்பதைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

"இதுவும் ஜோடிதான்" என்றார்.

அண்ணன் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. யார் முதலில் "இதை இப்படிப் பிரிக்கக் கூடாது பெரிப்பா" என்று சொன்னாலும், "அப்ப மொத்தத்தையும் இன்னொருத்தங்கிட்ட குடுத்துடறேன்" என்று சொல்லக்கூடிய மனிதர் அவர். அதனால் எல்லா உறையிலும் ஒன்றாவது சிடி அண்ணனுக்குப் போனது. இரண்டாவது எனக்கு வந்தது.

அந்தப் பந்தயங்களைக் கடையில் உட்கார்ந்து ஏற்கெனவே பலமுறை பார்த்திருந்தோம், அதனால் பெரிய நஷ்டமில்லை. கடைசியாக வந்த ஓர் உறையை மட்டும் அதுவரை நாங்கள் போட்டே பார்த்ததில்லை. அது வந்து சேர்ந்தபோது கடை டீவியை விற்றுவிட்டிருந்தோம். அதில்தான் மொட்டைக்கும் கரடிக்கும் நடந்த சண்டை இருந்தது. அவர்களுடைய நிஜப் பெயர் எங்களுக்குத் தெரியாது. ஒருவனுக்குத் தலையில் முடி இல்லை. இன்னொருவனுக்கு முதுகெல்லாம் முடி. அண்ணனுக்கு மொட்டை என்றால் உயிர். எனக்குக் கரடி.

ஆக, அந்தச் சண்டை ஏன் வந்தது என்பது அண்ணனுக்கு மட்டும் தெரியும். எப்படி முடிந்தது என்பது எனக்கு மட்டும் தெரியும்.

கேட்டுக்கொண்டிருக்கலாம். ஆனால் அதற்குள் எங்களுக்குள் பேச்சு நின்றுவிட்டது. காரணம், முகையூர் பக்கம் இருந்த எங்கள் கிணற்று மோட்டார். என் முறையில் அவன் தண்ணீர் இறைத்தானா, அவன் முறையில் நான் இறைத்தேனா என்பதில் இன்றைக்கும் இரண்டு கருத்து உண்டு. கிணறு வற்றியே பல வருஷம் ஆகிவிட்டது.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். ஓர் இடத்தில் நிற்கிற ஆளும் இல்லை. லாரியில் கிளீனராகப் போனேன், திருப்பூரில் சாயப் பட்டறையில் நின்றேன், சென்னையில் சென்டரிங் வேலை செய்தேன். கட்டுகிற கட்டடத்திலேயே சிமெண்ட் சாக்கை விரித்துப் படுப்போம். மழை பெய்தால் உட்கார்ந்து தூங்குவோம். போன இடமெல்லாம் இரண்டாவது சிடிகளை ஒரு ஜிப் வைத்த பையில் போட்டு எடுத்துப் போனேன். தலைக்கு வைத்துப் படுக்க அது சரியான உயரம்.

கூட வேலை செய்பவன் எவனிடமாவது பிளேயர் இருந்தால் மொட்டை கரடி சண்டையைப் போடுவேன். எடுத்த எடுப்பிலேயே இருவரும் அடித்துக்கொள்வார்கள். "எதுக்குபா அடிச்சிக்கறானுங்க?" என்று கேட்பார்கள். தெரியாது என்று சொன்னால் பார்க்கிறவனுக்கு ருசி இருக்காது. நானே ஒரு காரணம் கட்டினேன்.

"மொட்டையோட தங்கச்சிய கரடி கட்டிக்கினு, சீர் பத்தலன்னு திருப்பி அனுப்பிட்டான்."

அவ்வளவுதான். சாரத்தில் நின்று கால் கடுத்த ஆட்களெல்லாம் கரடியைக் கண்டபடி திட்டுவார்கள். முகையூர் பக்கத்து ஆள் ஒருவர் மட்டும் சண்டையைப் பார்க்கவே இல்லை. "அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்குது? எதுனா வேலைக்குப் போவுதா?" என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

இப்போது விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பரோட்டா கடையில் மாவு பிசைகிறேன். மாடியில் நாலு பேரோடு படுக்கை. அண்ணன், அண்ணியின் ஊரான திண்டிவனத்துக்கே போய்விட்டான். ஒரு மணி நேரப் பயணம்தான். போன வருஷம் வரை அவ்வப்போது போய்ப் பார்த்தேன். நான் முன்வாசலில் செருப்பைக் கழற்றினால் அவன் பின்வாசலில் செருப்பை மாட்டுவான். அண்ணி சோறு போடுவாள், சாப்பிட்டுத் திரும்புவேன்.

எனக்கு அவனிடமிருந்து வேண்டியது ஒன்றுதான். பழையபடி அவன் வாயால் ஒரு "டேய்". இந்த வயசில் என்னை டேய் என்று கூப்பிட வேறு ஆள் இல்லை. முதலாளி கூப்பிடுகிறார், அது கணக்கில் சேராது.

போன மாசம் அண்ணி போன் செய்தாள்.

"தம்பி, உங்கண்ணன் வண்டியிலேர்ந்து வுழுந்து கால ஒடச்சிக்கினாரு. மாவுக்கட்டு போட்டிருக்குது."

"அய்யோ. எப்பிடிங்க அண்ணி இருக்குது இப்ப?"

"காலு நல்லாதான் இருக்குது. நான்தான் நல்லா இல்ல. நாள் பூரா அந்த குஸ்தி சிடியப் போட்டுப் பாத்துக்கினு கீறாரு. அதுவும் பாதிதான் இருக்குது. பாதியில நின்னதும் அந்தக் கோவத்த ஏம்மேல காட்றாரு. ஒரே பேஜாரு. உங்கிட்ட மிச்ச பாதி இருக்குதுல்ல? ஜல்தியா எடுத்துக்கினு வா."

"அவன் எழுந்து போயிடுவானே அண்ணி."

"எங்க போவாரு? ஒத்தக் கால்லயா?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையில் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். மடியில் சிடி பை, கையில் வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு பொட்டலம்.

அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டியிருந்தான். ஊன்றி நடக்கிற கட்டைக்கோல் ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கை தானாகக் கோலைத் தேடியது. அண்ணி அதை எடுத்துச் சமையல்கட்டில் வைத்துவிட்டு வந்தாள்.

அண்ணன் காலண்டரைப் பார்த்து, "யாரு வந்திருக்கறது?" என்றான்.

"ஏன், ஒடிஞ்சது காலுதான? கண்ணு நல்லாதான இருக்குது?" என்றாள் அண்ணி.

"வந்தவங்கள உக்காரச் சொல்லு."

"உக்காந்துட்டேன்னு சொல்லுங்க அண்ணி" என்றேன்.

அண்ணி எங்கள் இருவரையும் பார்த்தாள். இரண்டு பேருக்கும் சேர்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

பிளேயர் எங்கள் கடையில் இருந்த அதே பிளேயர். மூடி நிற்காமல் ரப்பர் பேண்டு போட்டிருந்தார்கள். மஞ்சள் ஒயர் ஆடினால் படம் கறுப்பு வெள்ளையாகிவிடும், அதனால் அதன்மேல் ஓர் உப்பு ஜாடியை வைத்திருந்தார்கள். முதலில் ஒரு பழைய பந்தயத்தைப் போட்டோம். அண்ணனுடைய சிடி முடிந்ததும் என்னுடையது ஓடியது. முழுசாகப் பார்த்தபோதுதான், கடையில் பார்த்து நான் மறந்தே போயிருந்த ஒன்று நினைவுக்கு வந்தது. சிவப்பு ஜட்டிக்காரன் ஒருவனை நான் இத்தனை வருஷமும் நல்லவன் என்று நினைத்திருந்தேன். அவன்தான் ஒன்றாவது சிடியில் எதிராளியின் காரைக் கடப்பாறையால் உடைத்திருக்கிறான். என் சிடியில் அவன் அடி வாங்குவதை மட்டும் பார்த்து எத்தனையோ முறை பரிதாபப்பட்டிருக்கிறேன்.

அண்ணன் டீவியைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தான். "டேய், பின்னாடி பாருடா!" ஒவ்வொரு டேய்க்கும் நான் திரும்பினேன். ஒன்றும் எனக்கில்லை. எல்லாம் அமெரிக்காவுக்கே போயின.

அப்புறம் மொட்டை கரடி உறை. அண்ணன் ஒன்றாவது சிடியைத் தன் கையாலேயே அண்ணியிடம் கொடுத்தான். "இத நேரா கடைசிக்கு ஓட்டு. நான் பாத்ததுதான். வந்தவங்கள அவங்க சிடிய ரெடியா வெக்கச் சொல்லு."

என்னுடையதைப் போட்டோம். சத்தம் வந்தது, படம் கட்டம் கட்டமாக உடைந்தது. பல வருஷம் சிமெண்ட் தூசிக்கும் என் தலைக்கும் நடுவில் கிடந்த சிடி அது. வெளியே எடுத்து ஊதி, பனியனில் துடைத்தேன்.

"நேரா தொடைக்கச் சொல்லு. வட்டமா தொடைச்சா போயிடும்னு சொல்லு" என்றான் அண்ணன்.

"நேரா தொடைக்கணுமாம் தம்பி."

"எனக்கும் காது கேக்குதுங்க அண்ணி."

மறுபடி ஓடியது. கால் மணி நேரம் அருமையாக ஓடியது. அண்ணன் மல்லாட்டையை உரிக்கக்கூட மறந்து தோலோடு வாயில் போட்டான். கரடி மொட்டையைத் தூக்கி அடித்து, அவன்மேல் குப்புறக் கிடந்தான். கீழே கிடப்பவனின் இரண்டு தோளும் தரையில் பட்டிருக்க, நடுவர் மூன்று முறை தரையில் அறைந்தால் ஆட்டம் முடிந்தது. நடுவர் அறைந்தார். ஒன்று. இரண்டு. மூன்றாவதற்குக் கை மேலே போனது. போன கை அங்கேயே நின்றது.

மறுபடி துடைத்தோம். பற்பசை போட்டுத் தேய்த்தோம். அண்ணி முந்தானையால் துடைத்தாள். ஒவ்வொரு முறையும் அந்தக் கை மேலே போய், அதே இடத்தில் நின்றது.

போனில் தேடிப் பார்க்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அண்ணிக்கும் தோன்றியது. போனை வாய்க்கு நேராகப் பிடித்து, "மொட்ட கரடி சண்ட" என்று சொன்னாள். ஏதோ கோயிலில் மொட்டை போடும்போது அழுகிற குழந்தை வந்தது. அடுத்து, தேயிலைத் தோட்டத்தில் புகுந்த கரடி வந்தது.

"வந்தவங்கள கேளு, முடிவு என்னன்னு" என்றான் அண்ணன், நின்றுபோன கையைப் பார்த்துக்கொண்டே.

அண்ணி எழுந்து கூடையை எடுத்தாள். "எனக்கு மார்க்கெட்டுக்குப் போவணும். வேணும்னா நீங்களே கேட்டுக்கங்க."

"இப்ப இன்னா மார்க்கெட்டு? காய்தான் இருக்குதே!"

"இருக்கற காயி எனக்குப் புடிக்கல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டில் அண்ணன், நான், மேலே போன கை. அண்ணன் காலண்டரைப் பார்த்தான். "மனுஷனுக்குத் தெரிஞ்சத சொன்னா இன்னா கொறஞ்சிடும்?" என்று காலண்டரிடம் கேட்டான். நானும் காலண்டரிடமே, "கேக்க வேண்டியவங்க கேட்டா சொல்லலாம்" என்றேன்.

பொறுக்க முடியாமல் அவன் திரும்பினான்.

"டேய். எவன்டா ஜெயிச்சான்?"

இதுவும் அமெரிக்காவுக்குப் போகிற டேயாக இருக்கலாம். அதனால், "யாரக் கேக்கற? டீவியையா?" என்றேன்.

"உன்னத்தான்டா கேக்கறேன், பேஜாரு புடிச்சவனே!"

"சொல்றேண்ணா. மொதல்ல இவனுங்க எதுக்கு சண்ட போட்டானுங்கன்னு நீ சொல்லு. நான் ஊரெல்லாம் தங்கச்சி கதை சொல்லி வச்சிருக்கேன்."

"எந்தத் தங்கச்சி? ரெண்டு பேரும் ஜோடியா ஆடினவனுங்கடா. ஜோடியா ஜெயிச்சானுங்க. ஆனா பெல்ட்டு ஒண்ணுதான். எவன் இடுப்புல கட்டறதுன்னு தகராறு."

"ஆளுக்குப் பாதியா பிரிச்சுக்க வேண்டியதுதான?"

"பெல்ட்ட எப்பிடிடா பிரிப்ப?"

"பெரிப்பா இருந்தா பிரிச்சிருப்பாரு. பக்கிள் மூத்தவனுக்கு, வாரு சின்னவனுக்கு."

அண்ணன் சிரித்தான். நாற்காலி ஆட, ஸ்டூலில் இருந்த கால் ஆட, வலியில் "அம்மா" என்று கத்திக்கொண்டே சிரித்தான். சிரிப்பு நிற்கட்டும் என்று காத்திருந்து, கரடிதான் ஜெயித்தான் என்று சொன்னேன்.

"பொய்யி."

"சத்தியமாண்ணா."

"நீ மொதல்லேர்ந்தே கரடி கட்சி. நீ அப்பிடித்தான் சொல்லுவ."

"அவன் ஜட்டிக்குள்ளேர்ந்து ஒரு பொடிய எடுத்து மொட்டை கண்ணுல போட்டான். நீ கவனிக்கல. தூக்கி அடிக்கறதுக்கு முன்னாடி."

"அப்ப அது கள்ளாட்டம்டா! கள்ளாட்டம் செல்லாது! எப்பிடி போட்டான், காட்டு."

சமையல்கட்டிலிருந்து கேப்பை மாவு ஒரு பிடி எடுத்து வந்தேன். கோலையும் கொண்டுவந்து கொடுத்தேன், நடுவருக்கு ஏதாவது பிடிமானம் வேண்டுமே. என்மேலேயே மாவைப் போட்டுக்கொண்டு மொட்டையாகத் தரையில் விழுந்தேன். அண்ணன் நாற்காலியிலிருந்து குனிந்து, கோலால் தரையில் அடித்து எண்ணினான். "ஒண்ணு! டேய், தோள ஒழுங்கா வைடா! ரெண்டு!"

மூன்றாவதற்குக் கோல் மேலே போனபோது அண்ணி உள்ளே வந்தாள். காலில் கட்டோடு புருஷன் கோலை ஓங்கியிருக்கிறான், கொழுந்தன் முகமெல்லாம் மாவாகக் கீழே கிடக்கிறான். கூடையை அப்படியே போட்டாள்.

"அய்யய்யோ! பேசிக்கச் சொன்னா அடிச்சிக்கறீங்களே!"

அண்ணன் கோலை இறக்கினான். முகத்தை இறுக்கிக்கொண்டு, பழையபடி காலண்டர் பக்கம் திரும்பினான். "அவன மூஞ்சி கழுவிக்கினு சாப்பிட வரச் சொல்லு" என்றான்.

"நீங்களே சொல்லுங்க."

"மூஞ்சி கழுவுடா" என்றான்.

சாப்பிட்டுவிட்டுப் புறப்படும்போது, அந்தப் பையை இங்கேயே வைத்துவிட்டுப் போ என்றான் அண்ணன். முடியாது என்றேன். பெரியப்பா பிரித்தது பிரித்ததுதான், இரண்டாவது என் பங்கு. அவனுக்குக் கோபம் வந்தது. என் பங்கு மாட்டை நான் விற்ற கதையை எடுத்தான். நான் மோட்டாரை எடுத்தேன். அண்ணி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, பேசாமல் இருந்தபோதே வீடு நிம்மதியாக இருந்தது என்றாள்.

தெருமுனை வரை வந்துவிட்டேன். பின்னால் ஜன்னலிலிருந்து கத்தினான்.

"டேய்! வர்ற ஞாயித்துக்கிழம கூண்டுக்குள்ள அடிச்சிப்பானுங்களே, அந்த சண்டைய எடுத்துக்கினு வா. வரும்போது சிடிய தலைக்கு வெச்சிக்கினு தூங்காத!"

தெருவில் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.