கொள்ளிடத்துக்கு விட்ட இடம்

காலை ஐந்து மணி ஐம்பது நிமிடம். ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடக் கரையில் முதலில் கண்ணில் பட்டது ஒரு ஸ்கூட்டி. அதன் பின்சீட்டில் இரண்டு கேடயங்களைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். ஓட்டி வந்தவர் ஒருவர்தான்.

பவித்ரா ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ஆற்றைப் பார்த்தார். கரைக்குக் கரை தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. காவேரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற முக்கொம்பில் முந்தின நாள்தான் மதகுகளைத் திறந்திருந்தார்கள். யாரும் இறங்கக் கூடாது என்று சரிவின் விளிம்பில் போலீஸ் கயிறு கட்டியிருந்தது.

"வந்துருச்சு சார்" என்றார் என்னிடம். கேடயங்களின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

காஸ்ப்ளே படங்கள் எடுக்கப் புதிதாக வருகிற புகைப்படக்காரர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான். எடிட்டில் எதுவரை போகலாம்? அதற்கு இந்தக் காலையைத்தான் சொல்வேன். ஆனால் அதற்கு முன் நடந்ததையும் சொல்ல வேண்டும்.

1. தொடுவதும் தொடாததும்

திருச்சியில் ஒரு நாளிதழில் நீண்ட காலம் புகைப்படக்காரனாக இருந்தேன். அங்கே எடிட் என்றால் இரண்டு வேலைதான். ஓரத்தை வெட்டலாம், இருட்டாக இருந்தால் கொஞ்சம் வெளிச்சம் கூட்டலாம். வேறு எதையாவது தொட்டால் வேலை போய்விடும். படத்தில் இருப்பவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. மறுநாள் பேப்பரில் அவர் பார்த்துக்கொள்வார்.

ஓய்வு பெற்ற பிறகு என்னை முதலில் படமெடுக்கக் கூப்பிட்டவர்கள் பவித்ராவும் ரஸியாவும். பவித்ரா லால்குடி, தினமும் ட்ரெயினில் வந்து திருச்சியில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்ப்பவர். ரஸியா பாலக்கரை, அவருடைய அத்தா ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். இருவரும் கல்லூரித் தோழிகள். காஸ்ப்ளே என்ற சொல்லையே இவர்களிடம்தான் முதலில் கேட்டேன். கதையிலோ கேமிலோ வருகிற ஒரு பாத்திரத்தின் உடை, கவசம், தலைமுடி எல்லாவற்றையும் தாங்களே செய்து போட்டுக்கொண்டு அந்தப் பாத்திரமாகவே நிற்பது. இவர்கள் பாத்திரத்தையும் தாங்களே உண்டாக்கியிருந்தார்கள். ஆறுகளைக் காக்கும் இரண்டு பெண்கள். பவித்ரா காவேரி, பச்சை உடை. ரஸியா கொள்ளிடம், மணல் நிறம். கவசமும் கேடயமும் ஃபோம் ஷீட்டை வெட்டி, சூடுகாட்டி வளைத்து, பெயின்ட் அடித்தவை. இரண்டு கேடயங்களையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தால் நடுவில் ஒரு தீவின் வடிவம் வரும். ஸ்ரீரங்கம்.

ரஸியா வீட்டு மொட்டை மாடியில் சோதனைக்காகச் சில படங்கள் எடுக்கப் போயிருந்தேன். கேமராவை வெளியே எடுப்பதற்குள் ரஸியா கேட்டார்.

"எடிட்ல எதத் தொடுவீங்க சார், எதத் தொட மாட்டீங்க?"

"எதையும் தொட மாட்டேம்மா. பேப்பர்ல இருந்தவன்."

"அய்யய்யோ, அது அதவிட ஆபத்து. கழுத்துல டேப் ஒட்டியிருக்கேன், விக் ஓரத்துல கம் பளபளன்னு தெரியும். அதையெல்லாம் நீங்க எடுத்தாகணும். நான் ராத்திரியெல்லாம் உக்காந்து ஒட்டுனது டேப்பக் காட்டவா?"

"சரி, எடுத்துடறேன்."

"ஆனா என் கலரத் தொடக் கூடாது. கைய ஒல்லியாக்கக் கூடாது."

"என் கைய மட்டும் லேசா ஒல்லியாக்கிக்கலாம் சார்" என்றார் பவித்ரா.

"அடி வாங்குவ. அவரு பழகிடுவாரு."

பிறகு ரஸியா மீதியையும் சொன்னார். நான் எடிட் செய்து கொடுத்த படத்தின் மேல் அவர்கள் ஃபில்டர் போட மாட்டார்கள். அது என் வேலைக்கு அவர்கள் தரும் மரியாதை. படத்தை வெளியிடுவதற்கு முன் உடுத்தியவரிடம் நான் காட்ட வேண்டும். அது அவர்கள் வேலைக்கு நான் தருவது. படத்தில் பாதி அவர்களுடையது என்று யாரும் அதுவரை என்னிடம் சொன்னதில்லை.

2. 'நல்லாத்தான் இருக்கு'

தில்லைநகரில் ஒரு மண்டபத்தில் காஸ்ப்ளே செய்பவர்கள் கூடினார்கள். நானும் போயிருந்தேன். அங்கே கல்யாணப் படங்கள் எடுக்கும் ஓர் இளைஞர் ரஸியாவை அழகாகவே படமெடுத்தார். அன்று மாலையே, யாரையும் கேட்காமல், வெளியிட்டுவிட்டார். முகம் இரண்டு சுற்று வெளுத்திருந்தது. தாடை கூர்மையாகியிருந்தது. கை பாதியாகியிருந்தது. ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பிடித்தும்விட்டது.

ரஸியா அவருக்குப் போன் செய்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"தம்பி, அந்தப் படத்த எடுத்துடுங்க."

"ஏன் மேடம், நல்லாத்தானே இருக்கு? எவ்ளோ லைக் பாருங்க."

"நல்லாத்தான் இருக்கு. நான்தான் அதுல இல்ல."

அவர் சிரித்தார். ரஸியா சிரிக்கவில்லை. அரை மணி நேரத்தில் படம் போய்விட்டது. அதன் பிறகுதான் திருச்சிக் குழுவில் அது எழுதாத விதியானது. யார் படத்தில் இருக்கிறாரோ அவரைக் கேட்காமல் அவரை மாற்றக் கூடாது. விதியைக் கொண்டுவந்தவர் ரஸியா.

3. மணல்

காவேரியையும் கொள்ளிடத்தையும் ஜோடியாக ஆற்றங்கரையில் எடுக்க வேண்டும் என்பது முதல் நாளே போட்ட திட்டம். ஒரே ஒரு தடங்கல். காவேரியில் தண்ணீர் பல மாதம் இருக்கும். கொள்ளிடத்துக்கு உபரி வந்தால்தான் உண்டு. அதுவும் சில நாட்கள். மற்ற நாளெல்லாம் மணல்தான், நாணல்தான், நடுவில் ஒரு ஓடை.

"மணல்லயே எடுத்துடலாமே" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

"காவல்காரிய நிறுத்திட்டு, காக்க ஒண்ணும் இல்லன்னா எப்படி சார்?" என்றார் ரஸியா.

லால்குடி ட்ரெயின் ஸ்ரீரங்கத்துக்கு முன்னால் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டும். பவித்ரா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பார்ப்பார். எங்கள் மூவருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. வேலை நாட்களில் காலையில் அதில் ஒரு வார்த்தை வரும்: 'மணல்'. ரஸியா அதற்கு அழுகிற முகம் ஒன்று அனுப்புவார். இரண்டு ஆடி இப்படியே போனது. மூன்றாவது ஆடியில் தண்ணீர் வந்தது. ஆனால் அந்த வாரம் ரஸியாவின் அத்தா ஆஸ்பத்திரியில் இருந்தார். அவருக்கு உடம்பு தேறியது, கடையை மட்டும் தொடர முடியவில்லை.

அடுத்த வருடம் சித்திரையில் ரஸியாவுக்கு ஷார்ஜாவில் ஒரு கிளினிக்கில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தின வாரம் கொள்ளிடம் உடையையும் கேடயத்தையும் பவித்ராவிடம் கொடுக்கக் கொண்டு வந்தார். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் அருகே ஒரு ஜூஸ் கடையில் மூவரும் உட்கார்ந்திருந்தோம்.

"ஆடி வரைக்கும் இருந்துட்டுப் போயேன்டி" என்றார் பவித்ரா.

"தண்ணி வரட்டும்னு விசாவ நிறுத்தி வைக்கச் சொல்றியா?"

"மூணு வருஷம் காத்திருந்தேன் உனக்காக."

"எனக்காகவா? தண்ணிக்காக. வேற யாருக்காவது இந்த டிரெஸ்ஸக் குடு. உயரம் சரியா இருந்தாப் போதும்."

"உயரம் சரியா இருந்தாப் போதுமா உனக்கு?"

ரஸியா கேடயத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். பாதி ஜூஸோடு பவித்ரா அதையும் உடையையும் எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். ரஸியாவை வழியனுப்ப ஏர்போர்ட்டுக்கும் அவர் வரவில்லை. அதன் பிறகு குழுவில் 'மணல்' வரவில்லை. இருவரும் என்னிடம் தனித்தனியாகப் பேசினார்கள். அவர் எப்படி இருக்கிறார் என்று இவரும், இவர் எப்படி இருக்கிறார் என்று அவரும் கேட்டதேயில்லை. ஆனால் நான் சொன்னால் இருவருமே பேச்சை மாற்றாமல் கேட்டுக்கொள்வார்கள்.

4. கரையில்

அந்த ஆடியில் தண்ணீர் வந்த காலையில் பவித்ரா உடையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அவருடைய யோசனையை அப்போதுதான் சொன்னார்.

"நான் இடது பக்கம் நிக்கிறேன். வலது பக்கம் இடம் விட்டு எடுங்க சார். அன்னிக்கு மொட்டை மாடியில ரஸியாவ முழுசா எடுத்தீங்கல்ல, அதுலேருந்து அவள வெட்டி இங்க வச்சுடலாம். அடுத்த வாரம் அவ பொறந்தநாளு. சர்ப்ரைஸா அனுப்பிடறேன்."

முடியுமா என்றால் முடியும். செய்தியில்தான் அது குற்றம். இங்கே கேடயத்தில் ஒளி வைத்துக் கொடுத்திருக்கிறேன், வானத்தை மாற்றியிருக்கிறேன். நான் கணக்குப் போட்டது வெளிச்சத்தை. சூரியன் வலது பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

"அவங்க இங்க நின்னிருந்தா அவங்க நிழல் உங்க தோள்ல விழுந்திருக்கும். இப்ப உங்க மேல முழு வெயில் அடிக்குது. நிழலையும் நான் வரையணும்."

"நெழல் வேற போடணுமா?"

"ஆள் இருந்தா நிழல் இருக்குமே."

பவித்ரா தன் இடது தோளைப் பார்த்துக்கொண்டார்.

"அவங்களக் கேட்டீங்களா?" என்றேன்.

"கேட்டா சர்ப்ரைஸ் போயிடும்."

"கேக்கலன்னா அவங்க போட்ட ரூல் போயிடும்."

"சார், பேசாம எடுங்களேன். நாலு மாசமா நாங்க பேசல. எடுத்த எடுப்புலயே போன் பண்ணி, உன்ன வெட்டி ஒட்டலாமான்னு எப்படிக் கேப்பேன்?"

நான் கேமராவைக் கீழே இறக்கினேன். அவர் என்னை முறைத்தார். பிறகு போனை எடுத்து, வீடியோ காலில் போட்டு, முகத்துக்கு நேராகப் பிடிக்காமல் ஆற்றைப் பார்க்கத் திருப்பிப் பிடித்தார்.

இரண்டாவது மணியில் எடுத்துவிட்டார் ரஸியா. தலையில் தொழுகைத் துணி. சுபுஹு, அதிகாலைத் தொழுகை, அதற்காக எழுந்திருந்தார். அங்கே இன்னும் விடியவில்லை. திரையில் தண்ணீர் மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருக்கும்.

"முழுசா வந்துருச்சா?"

"ம்."

"பாலத்துத் தூண்ல எதுவரைக்கும்?"

பவித்ரா போனைப் பாலத்தின் பக்கம் திருப்பிக் காட்டினார். அப்புறம் தன் பக்கம் திருப்பினார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"விக் கோணலா இருக்கு" என்றார் ரஸியா.

"நீ மாட்டி விட்டாத்தான் நேரா இருக்கும்."

என்ன செய்யப் போகிறோம் என்பதை நான்தான் சொன்னேன். மொட்டை மாடிப் படம், நிழல், எல்லாம். ரஸியா கடைசி வரை கேட்டார்.

"என்ன ஒட்டாதீங்க சார். நல்லாத்தான் இருக்கும். நான்தான் அதுல இருக்க மாட்டேன்."

பவித்ரா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரஸியா அவரைக் கூப்பிட்டார்.

"ஏய், இங்க பாரு. ஓரத்த வெட்டிச் சின்னதாக்கவும் வேண்டாம். நீ நடுவுல வந்து நிக்கவும் கூடாது. என் எடத்த அப்படியே விடு."

"எவ்ளோ விடணும்?"

"தாராளமா விடு. நான் இங்க வந்து குண்டாயிட்டேன்."

பவித்ரா சிரித்த சத்தத்தில் கயிற்றருகே நின்ற போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார். போனை என் பக்கத்தில் கொள்ளிடத்தின் கேடயத்தில் சாய்த்து வைத்தோம். நான் எடுத்து முடிக்கும் வரை ரஸியா அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் தள்ளு, இன்னும் தள்ளு, அது என் கேடயத்துக்கு" என்று இடையிடையே குரல் வந்தது. கொள்ளிடத்தின் கேடயத்தை நாங்கள் படத்தில் வைக்கவில்லை. ஆள் இல்லாமல் கேடயம் மட்டும் நிற்கக் கூடாது என்று இருவருமே சொன்னார்கள்.

5. பாலிதீன் பை

வீட்டில் எடிட்டில் உட்கார்ந்தேன். பவித்ராவின் கழுத்தில் டேப் தெரிந்தது, எடுத்தேன். கை எப்படி இருந்ததோ அப்படியே விட்டேன். படத்தின் வலது பாதியில் தண்ணீரும் எதிர்க்கரையும் மட்டும். அதன் நடுவே ஒரு வெள்ளைப் பாலிதீன் பை மிதந்துகொண்டிருந்தது. பவித்ராவுக்கு அனுப்பிக் கேட்டேன், பையை எடுத்துவிடவா என்று.

"அது ரஸியா எடம் சார். அவளக் கேளுங்க."

ரஸியாவைக் கேட்டேன். மதிய இடைவேளையில் குரல் செய்தி வந்தது.

"பை இருக்கட்டும் சார். நான் நின்னிருந்தா எனக்குப் பின்னாடி மறைஞ்சிருக்கும். இப்ப தெரியட்டும்."

அப்படியே வெளியிட்டோம். கீழே பேப்பர் வழக்கப்படி எழுதினேன்: இடமிருந்து வலம், காவேரி – பவித்ரா, கொள்ளிடம் – ரஸியா (படத்தில் இல்லை). இரண்டு பேர் அதை எழுத்துப் பிழை என்று சுட்டிக்காட்டினார்கள். ஒருவர், வலது பக்கம் வீணாகக் கிடக்கிறது, வெட்டிவிட்டால் படம் எடுப்பாக இருக்கும் என்று யோசனை சொன்னார்.

எதுவரை போகலாம் என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான். டேப்பை எடுங்கள், வானத்தை மாற்றுங்கள், ஒளி வையுங்கள். மென்பொருள் எல்லாவற்றையும் செய்யும். ஆனால் அது யாருடைய இடம் என்று பார்த்து, அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஆள் அங்கே நிற்காவிட்டாலும் கேளுங்கள்.

ஆவணி பாதியில் முக்கொம்பில் மதகுகளை அடைத்தார்கள். அடுத்த திங்கட்கிழமை காலை, லால்குடி ட்ரெயின் பாலத்தைத் தாண்டுகிற நேரத்துக்கு, எங்கள் மூவர் குழுவில் பவித்ராவிடமிருந்து ஒரு வார்த்தை வந்தது.

'மணல்.'