திருவிருந்துக்கு எழுந்து போகாத அப்பா

எங்கள் அப்பா கர்த்தருக்குள் இளைப்பாறச் சென்று ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் தம்மைப் பற்றி நல்லதை மட்டும் எழுதக் கூடாது என்று அவரே என்னிடம் கேட்டுக்கொண்டார். மகளாக அதற்குக் கீழ்ப்படிகிறேன்.

சேவூருக்கு அருகே ஒரு சிறு விவசாயக் குடும்பத்தில் அப்பா பிறந்தார். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் துணி மூட்டை சுமக்கச் சேர்ந்து, மேனேஜராக உயர்ந்தார். தொழிலாளர் வீட்டுச் சாவென்றால் முதல் ஆளாகப் போய் நிற்பார். அப்படிப்பட்டவரால்தான் இதுவும் நடந்தது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை, பட்டறையின் கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொண்டது. தென்காசிப் பக்கமிருந்து பிழைக்க வந்த செல்வம் என்ற தொழிலாளி, உள்ளே விஷவாயு இருக்குமே என்று தயங்கினார். “லோடு கெளம்போணும், சீக்கிரம் எறங்குங்க செல்வம்” என்றார் அப்பா. இறங்கியவரைப் பிணமாகத்தான் மேலே தூக்கினார்கள்.

போலீசாரிடம் அப்பா சொன்னது வேறு. “குடிச்சிருந்தாருங்க. யாருகிட்டயும் சொல்லாம அவராவே எறங்கிட்டாருங்க.” முதலாளி சொல்லிக்கொடுத்த வார்த்தைகள்தாம், சொன்ன வாய் அப்பாவுடையது. செல்வத்தின் மனைவி பேச்சியம்மாள் ஸ்டேஷன் வாசலில், “அவரு அதத் தொட்டதே இல்ல சார்” என்று கதறினார். அப்பா அவரைத் தாண்டி நடந்து வந்தார்.

எங்களுக்கு இது எதுவும் தெரியாது. அந்த ஆண்டு முதல் அப்பா கோயிலில் திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும் வாங்குவதை நிறுத்திவிட்டார். எல்லோரும் எழுந்து பீடத்தை நோக்கிப் போகும்போது அவர் கடைசி பெஞ்சில் தலைகுனிந்து அமர்ந்திருப்பார். அம்மா கேட்டால் கோபப்படுவார்.

நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு, எங்கள் சபை ஆயரிடமும் என்னிடமும் எல்லாவற்றையும் சொன்னார். ஆண்டவரின் கிருபை எந்தப் பாவத்தையும் விடப் பெரியது என்றார் ஆயர்.

“நம்புறனுங்க. ஆனா அந்த அம்மிணி இன்னும் குடிகாரன் பொண்டாட்டின்னுதான் பேரு சுமக்குது. அவங்களக் கேக்காம ஆண்டவரு மட்டும் எப்படீங்க என்னை மன்னிப்பாரு?” என்று கேட்டார் அப்பா.

“கிருபைய நாம சம்பாதிக்க முடியாதுங்க. ஆனா பொய்யக் கையில புடிச்சுக்கிட்டே அத வாங்கவும் முடியாது” என்றார் ஆயர்.

மறுநாள் அப்பாவை, செல்வத்தின் குடும்பம் இருக்கும் மங்கலத்துக்கு அழைத்துப்போனேன். பனியன் கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பேச்சியம்மாள் எங்களை உட்காரச் சொல்லவில்லை.

“அம்மிணி, உங்க ஊட்டுக்காரரு குடிக்கலீங்க. நான்தானுங்க எறங்கச் சொன்னேன்.”

“அது எனக்குத் தெரியும். பொய்ய ஊருக்கு முன்னால சொன்னிய. நெசத்த மட்டும் எங்கிட்ட ரகசியமா சொல்ல வந்தியளோ?”

அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போகச் சொன்னார் அப்பா. மூச்சு வாங்க வாங்க, நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அடுத்த ஞாயிறு சபையார் முன் நின்றும் சொன்னார். அதன்பின் உறவினர் சிலர் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். முதலாளி தரப்பிலிருந்து மிரட்டல் வந்தது. அந்த மனுவின் மீது இதுவரை ஒன்றும் நடக்கவில்லை.

பேச்சியம்மாள் எங்கள் வீட்டுக்கு ஒருமுறை வந்தார். “நீங்க செஞ்சதக் கேள்விப்பட்டேன். ஆனா என்னால மன்னிக்க முடியல” என்றார். “மன்னிக்க வேண்டாமுங்க அம்மிணி” என்று அப்பா கைகூப்பினார்.

கடைசி வாரத்தில் ஆயர் திருவிருந்துடன் வீட்டுக்கு வந்தார். “அந்த அம்மிணி மன்னிக்கலீங்களே. நான் வாங்கலாமுங்களா?” என்று அப்பா கேட்டார். “பாவிகளுக்குத்தானுங்க இந்தப் பந்தி” என்றார் ஆயர். கைகளை நீட்டி அப்பா வாங்கினார். அவர் முகத்தில் நான் நிம்மதியைப் பார்க்கவில்லை. சின்னப் பிள்ளைபோல அழுததைத்தான் பார்த்தேன். மூன்றாம் நாள் மூச்சு அடங்கியது.

அப்பாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர், செவிலியர், கடைசிவரை உடனிருந்த ஆயர், அடக்க ஆராதனைக்கு வந்து கல்லறைவரை நடந்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வராதவர்கள்மீது வருத்தமில்லை.

இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள். மங்கலத்தில் யாராவது செல்வத்தைப் பற்றிப் பேசினால் சொல்லுங்கள்: அவர் குடித்திருக்கவில்லை. இறங்கச் சொன்னவர் எங்கள் அப்பா.