மலை இல்லாத ஊரும் தனித்தனிச் சங்கங்களும்

ரியூசன் தொழிலில் பிள்ளையைப் படிப்பிக்கிறது பாதி, தாய் தகப்பனைச் சமாளிக்கிறது மீதி. சனிக்கிழமையில் வகுப்பு எடுக்கிற உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

நான் லண்டன் இல்ஃபோர்ட்டில் பண்டைய வரலாறு படிப்பிக்கிறன். பக்கத்துக் கணக்கு வகுப்பில் கதிரை போதாது, என்ர வகுப்பில் நாலே நாலு பிள்ளைகள். எட்டுப் பேர் சேராட்டி ஈஸ்டரோட மூடுறம் எண்டு நிர்வாகி சொல்லிப்போட்டார். பத்து வருசம் கணக்கோட மாரடிச்ச பிறகு ஆசைப்பட்டு வாங்கின வகுப்பு அது. விட மனம் வரயில்லை.

அபிராமியின் கேள்வி

அண்டைக்குப் பாடம், கிரேக்க நகரங்கள் ஏன் தனித்தனி அரசாய் வளர்ந்தன எண்டது. குறுக்கே மலை, இடையில் துண்டு துண்டாய்ச் சமவெளி. அடுத்த ஊருக்குத் தரையால போறது பெரும்பாடு, கடலால போறது லேசு. அதால ஒவ்வொரு ஊரும் தன்ர பாட்டில சட்டம், சபை, காவல் தெய்வம் எண்டு வைச்சுக்கொண்டது. பேச்சு ஒண்டு, சாமிகள் ஒண்டு, ஆனால் ஒருத்தருக்குக் கீழ மற்றவர் இருக்கமாட்டார்.

பதினைஞ்சு வயது அபிராமி கை தூக்கினாள். அவளின்ர அப்பா சிவநேசன், லண்டனில் இருக்கிற அவையின்ர ஊர்ச் சங்கத்துக்குச் செயலாளர்.

"யாழ்ப்பாணத்தில மலையே இல்லையே ரீச்சர், பிறகேன் இங்க ஊருக்கொரு சங்கம்?"

பின் வரிசையில் ஒரு தகப்பன்

அடுத்த கிழமை சிவநேசன் வந்தார், மகளைக் கணக்கு வகுப்புக்கு மாத்த. நாலு மூண்டாகப் போகுது. "ஒரு வகுப்பு இருந்து பாத்திட்டு மாத்துங்கோ அண்ணை" எண்டு கெஞ்சாத குறையாய்ச் சொன்னன். மனுசன் கோட்டும் கழட்டாமல் பின் வரிசையில் இருந்தார்.

அபிராமியின்ர கேள்வியை அவரிட்டையே கேட்டன். லண்டன் வந்த புதிதில் ஒரே சங்கம்தான் இருந்ததாம், அடுத்த ஊர்க்காரரோட சேர்ந்து. முதல் ஆண்டு விழாவில் ஆர் முதல் பேசுறது எண்டு தொடங்கின பிரச்சினையில அது ரெண்டாய்ப் பிரிஞ்சுதாம்.

"மலை என்னத்துக்கு ரீச்சர், மேடையில ஒரு மைக் போதும்."

ஈஸ்டருக்கு முந்தின சனி

மகளை மாத்தாமலே போனவர், வீட்டுக்குப் போய்ச் சங்கத்து வாட்ஸப்பில் எழுதியிருக்கிறார், எங்கட ஊர்ப் பிள்ளையள் கிரேக்க வரலாறு படிக்கினம் எண்டு. அடுத்த சனி அவையின்ர ஊர்ப் பிள்ளைகள் நாலு பேர் வந்து சேர்ந்தினம். எட்டு. திரும்பத் திரும்ப எண்ணினன். அப்பாடா எண்டு கதிரையில இருந்திட்டன், கண் கலங்கினதை மறைக்கேல்லை.

செய்தி அடுத்த ஊர்ச் சங்கத்துக்குப் போகாமல் இருக்குமோ? ஈஸ்டருக்கு முந்தின சனி அந்தச் சங்கத் தலைவரே ஒன்பது பிள்ளைகளோட வாசலில நிண்டார். உள்ள வாங்கோ எண்டன். அவர் எட்டிப் பாத்தார், சிவநேசனின்ர ஆக்களைக் கண்டார், அசையேல்லை.

"எங்கட பிள்ளையளுக்கு வேற நேரம் தாங்கோ ரீச்சர், அவையோட ஒண்டாய் இருத்தாதேங்கோ."

எங்கட சனத்திட்ட ஒற்றுமை இல்லை எண்டு இனி ஆர் குறைப்பட்டாலும் நான் வாய் திறக்கமாட்டன், ஏனெண்டால் மூட இருந்த ஒரு வகுப்பு இப்ப ரெண்டு வகுப்பாய் நடக்குது.