கிரேக்கக் கல்லறையும் தமையனின் கையும்

பழைய படங்களைத் துப்புரவாக்கிக் கணினியில் ஏற்றிக் கொடுப்பது என் தொழில். புலம்பெயர்ந்து வந்த எங்கட சனம் நிறைந்த வெக்ஸ்போர்ட்டில் சின்னக் கடை. படத்தில் இருக்கும் செத்தவர்களால் ஒரு கரைச்சலும் இல்லை. அவர்களைக் கொண்டு வருகிறவர்களைத்தான் தாங்க ஏலாது. என்னைப் போலக் கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற சகோதரங்களுக்கு இது விளங்கும்.

அசையாமல் நின்றவர்

பிக்கரிங்கிலிருந்து ஒரு பல் டொக்டர் படக்கட்டு ஒன்று கொண்டு வந்தார். பண்டைய கிரேக்கரின் கல்லறைக் கற்கள். புகைப்படம் வந்த புதிதில் எடுத்தவை. தன் வீட்டு ஹோலில் பெரிதாகக் கொழுவி, வாறவர்களுக்குக் காட்ட வேண்டுமாம்.

அந்தக் காலத்துக் கமராவுக்கு முன் அசைந்தால் படத்தில் ஆள் புகையாகிவிடும். ஒரு படத்தில் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கூலியாள் வெயிலில் மூச்சுப் பிடித்து நின்று முழுசாகப் பதிந்திருந்தார். அவரை அழிக்கச் சொன்னார் டொக்டர். கல்லின் உயரம் தெரியத்தான் அவரை நிறுத்தியிருக்கிறார்கள் என்றேன்.

"தம்பி, நான் காசு குடுத்தது கல்லுக்கு. உவன் ஆர் எண்டு எனக்கென்னத்துக்கு?"

நீலக் கோட்டு

அதில் ஒரு படத்தைக் கேட்டு வாங்கிக் கடைச் சுவரில் மாட்டினேன். கதிரையில் இருக்கும் பெண்ணும் எதிரே நிற்கும் ஆணும் கை பிடித்தபடி செதுக்கிய கல். ஒருவர் செத்தவர், மற்றவர் விடைகொடுப்பவர்.

ரூஜிலிருந்து வந்த அங்கிள் ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. அவர் கொண்டு வந்ததோ செத்துப்போன மச்சானின் பாஸ்போர்ட் படம், அதில் கோட்டுப் போட்டுவிட வேண்டுமாம். மச்சான் உயிரோடு இருந்தபோது கோட்டுப் போட்டதே இல்லை.

"செத்தவீட்டுப் படத்தைக் கடையில கொழுவினா வியாபாரம் படுத்திடும். மச்சானுக்கு நீலக் கோட்டாப் போடும்."

அம்மாவின் சிரிப்பு

தாயின் முப்பத்தோராம் நாளுக்கு நினைவுப் புத்தகம் அடிக்க ஓர் அக்கா வந்தார். தாய் சிரிக்கிற படம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதில் அக்காவின் தமையன் பக்கத்தில் நின்று தாயின் தோளில் கை போட்டிருந்தார். ஊர்க் காணிச் சண்டையில் அக்காவுக்கும் அவருக்கும் பேச்சில்லை. படத்திலிருந்து ஆளை வெட்டச் சொன்னார் அக்கா. கையையும் எடுத்தால் தாய்க்குப் பொய்த் தோள்தான் வரைய வேண்டும் என்றேன். காணியும் கோதாரியும் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அவர் சுவரிலிருந்த கல்லறைப் படத்தைப் பார்த்து, அதில் யார் செத்தது என்று கேட்டார். தெரியாது, செதுக்கினவன் அதைச் சொல்லவில்லை, கையைத்தான் காட்டியிருக்கிறான் என்றேன். தாயின் படத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

"ஆளை வெட்டுங்கோ தம்பி. கை கிடக்கட்டும், அது கிடக்கிறபடியாத்தான் அம்மா சிரிக்கிறா."

செத்தவரையும் இருப்பவரையும் கிரேக்கன் ஒரே கல்லில் நிறுத்திவிட்டுப் போய்விட்டான், உயிரோடு இருக்கிற தமையனையும் தங்கச்சியையும் ஒரு நினைவுப் புத்தகத்தில் நிறுத்த எங்களுக்கு வக்கில்லை.