சாக்கில் கட்டிய சாமிகள்

வேலாயுதம் இறந்த செய்தி எனக்குத் தல வரலாற்றுச் சபையின் கூட்ட அழைப்பாக வந்தது. அறப்பள்ளித் தலத்தின் தொன்மைக்கு உழைத்த அன்பருக்கு இரங்கல் கூட்டம், தலைவர் பேசுவார், சிற்றுண்டி உண்டு என்று அச்சடித்திருந்தார்கள். கிழித்துப் போட்டேன். உயிரோடு இருந்தவரை வாசலிலேயே நிற்க வைத்துப் பேசியவர்களுக்கு இப்போது என்ன அன்பர் வேண்டியிருக்கிறது?

தொல்லியல் அலுவலகத்தில் கல்வெட்டுகளைத் தாளில் மை ஒற்றிப் படியெடுப்பது அவர் வேலை. அதே அலுவலகத்தில் வரைபடம் போடுவது என் வேலை. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து, அறப்பள்ளிக் கோயில் இருக்கும் கொல்லிமலைக்கு நடந்தே ஏறுவோம். "முதல்ல கல்லைப் பாரு, அப்புறம் புராணத்தைப் படி" என்பார். சபையார் அதற்குத் தலைகீழ். புராணத்து அரசன் கோயில் கட்டும்வரை அந்த மலையில் மனிதக் காலடியே படவில்லை என்று எழுதி வைத்திருந்தார்கள்.

மலைமேல் ஆலத்தூர் நாடு என்ற ஊர்ப் பகுதியில் ஒரு மரத்தடியில் வழவழப்பான கற்கோடரிகள் வரிசையாக இருந்தன. சாமை விதைக்கும் பெரியண்ணன் அவற்றைக் காட்டினார். "உழும்போது ஏர்க் கொழுவுல தட்டுப்பட்டா காட்டுல போடக்கூடாதுங்க, சாமிகிட்ட வெச்சிரோணுங்க" என்றார். எந்தக் கல் யாருடைய உழவுக் காட்டில் கிடைத்தது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. வேலாயுதம் குளித்துவிட்டு வந்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, காட்டின் பெயரை எழுதிக்கொண்டு, எடுத்த இடத்திலேயே வைத்தார். இரும்பு அறியாத காலத்திலேயே இங்கே ஆட்கள் வாழ்ந்திருக்கிறார்கள், தலத்தின் கதை அவர்களிடமிருந்து தொடங்க வேண்டும் என்று கட்டுரை எழுதினார். கூழாங்கல்லுக்கும் சரித்திரமா என்று சபை சிரித்தது.

சிரிக்காதவர் எங்கள் மேலதிகாரி ஒருவர்தான். அவர் ஆள் அனுப்பி, அத்தனை கற்களையும் கோணிச் சாக்கில் கொட்டி, பட்டணத்துக்குக் கொண்டுபோய்க் கண்ணாடி அலமாரியில் வைத்தார். எல்லாம் கலந்துவிட்டன. எது எந்தக் காட்டுக் கல் என்று நிரூபிக்க முடியுமா என்று அப்போது கேட்டவர்தான் இந்தச் சபைத் தலைவர். பெரியண்ணனை அழைத்துக் கேளுங்கள் என்றார் வேலாயுதம். ஏர் பிடிப்பவன் சாட்சியா என்று கட்டுரையைத் திருப்பி அனுப்பினார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்குப் பெயர் ஆராய்ச்சி!

இருவரும் மறுபடி மலையேறினோம். மரத்தடி வெறுமையாக இருந்தது. "உங்களை நம்பித்தானுங்க காட்டுனேன். வழி சொன்னது யாருங்க?" என்றார் பெரியண்ணன்.

"நான்தான்" என்றார் வேலாயுதம்.

அது பொய். அந்த மரத்தை வரைபடத்தில் குறிக்க வேண்டாம் என்று அவர் என்னிடம் கெஞ்சியிருந்தார். ஒன்றை விட்டாலும் அது வரைபடமா என்று வீம்புக்குக் குறித்தவன் நான். அதைப் பார்த்துத்தான் ஆட்கள் போனார்கள். அன்று அவர் பக்கத்தில் வாயைத் திறக்காமல் நின்றேன். பிறகும் அவர் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

சபையாரே, உங்கள் கூட்டத்துக்கு நான் வரவில்லை. கூட்டம் நடக்கும் அன்று ஆலத்தூர் நாட்டில் பெரியண்ணன் முன்னால் நிற்பேன். வேலாயுதத்திடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொள்வது அவர் சுமந்த பழியைத்தான். அது என்னுடையது.