மஞ்சள் அறையில் ஒரு கிரகணம்

மஞ்சள் மூட்டையின் வாசனை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என் கண்கள் தாமாக மூடிக்கொள்கின்றன. மைசூர் மண்டி மொஹல்லாவில் எங்கள் வீட்டின் பின்கட்டில், குண்டலுபேட்டையிலிருந்து அப்பா வாங்கிவரும் மஞ்சளை அடுக்கிவைக்க ஜன்னலில்லாத அறை ஒன்று இருந்தது. சுதந்திரம் வந்து சில வருஷங்களே ஆகியிருந்த அந்தக் காலத்தில், ஒரு சூரிய கிரகணத்தன்று, நிறைமாதமாக இருந்த என் சித்தியை அதில் உட்காரவைத்து, துணைக்கு என்னையும் உள்ளே விட்டு, வெளியே சங்கிலி போட்டார்கள்.

கர்ப்பிணிமேல் கிரகண வெளிச்சம் படக் கூடாது என்பது வழக்கம். சித்தியின் முதல் பிள்ளை பிறந்த அன்றே போய்விட்டது. அதற்கு முந்தைய கிரகணத்தில் அவள் முற்றத்தில் நின்றதுதான் காரணம் என்று அப்பாவின் அக்கா, என் அத்தை, வாய்க்கு வாய் சொல்லிக்கொண்டிருந்தாள். அதனால் இந்த முறை அத்தையே முன்னின்று கதவிடுக்கில் ஈரச்சாக்கைத் திணித்தாள், கூரை ஓட்டின் இடுக்குகளைக் களிமண்ணால் அடைத்தாள். மற்ற எல்லோரும், கிரகணம் விட்டதும் காவிரியில் முழுகுவதற்காக, ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போய்விட்டார்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இருட்டுக்கு என்னிடம் உள்ள சொற்கள் வீட்டிலும் தெருவிலும் கேட்டவைதான். சமையலறை விளக்கு அணைந்தால் அம்மாவுக்கு அது "கும்மிருட்டு". கன்னடக்காரப் பக்கத்து வீட்டம்மாவுக்கு "கார்கத்தலு". மழைக்கால அமாவாசை அப்பாவுக்கு "மையிருட்டு". அந்த அறையில் இருந்தது இவை எதுவுமில்லை. முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தேன். கை இருப்பது கைக்கு மட்டும்தான் தெரிந்தது.

மெல்ல மெல்லத் தெருச் சத்தமும் அடங்கியது. சித்தி, வெளியே காவலிருந்த அத்தையை, "அண்ணி, இருக்கீங்களா?" என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி கூப்பிட்டாள்.

"அண்ணியும் போயிட்டாங்கடா."

"சாமியக் கூப்பிடு சித்தி."

"எந்தச் சாமிய? கிரகணத்துக்கு ரங்கநாதரையே உள்ள வெச்சு நடை சாத்திட்டாங்க. கூப்பிட்டா யாருக்குக் கேக்கும்? இது இருட்டே இல்லடா. இதுக்குப் பேரு ஆளில்லாதது."

அந்தச் சொல்லை அதற்கு முன்னும் பின்னும் நான் யாரிடமும் கேட்டதில்லை. பயத்தில் வேறொன்றும் தோன்றாமல், "அப்ப ரங்கநாதரும் இருட்டுலதான் படுத்திருக்காரா?" என்றேன்.

"ஆமா. அவருக்காவது துணைக்குப் பாம்பு இருக்கு. எனக்கு நீ."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. என் கையைத் தேடி எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். உள்ளே ஓர் உதை. பிறகு இருவரும் அடுத்த உதைக்காகக் காத்திருந்தோம்.

சங்கிலி விழுந்து கதவு திறந்தபோது வெளிச்சம் கண்ணைக் குத்தியது. "ஆயித்து, வெளிய வா" என்ற அத்தை வாசற்படியைவிட்டு எழக்கூட முடியாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அவள் உள்ளங்கை முழுவதும் சங்கிலியின் துரு.

"இங்கயேதான் இருந்தீங்களா அண்ணி? கூப்பிட்டேனே."

"கேட்டுச்சு. பிள்ளை நல்லபடியா பொறக்கணும்னு, கிரகணம் விடற வரைக்கும் வாய் திறக்கறதில்லைன்னு வேண்டிக்கிட்டேன்."

"கதவை ஒரு தட்டாவது தட்டியிருக்கலாமே."

அத்தை கையிலிருந்த துருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தோணலையேம்மா" என்றாள்.

முற்றத்தில் நின்ற கதையை அதற்குப் பிறகு அவள் எடுக்கவில்லை. பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அன்றிலிருந்து சித்தியின் அறையைத் தாண்டும்போதெல்லாம் அத்தை கதவை லேசாகத் தட்டிவிட்டுப் போவாள். முதலில் பதில் சொல்லாமலிருந்த சித்தி, போகப் போக உள்ளிருந்து தானும் தட்டினாள்.

இப்போது இருவரும் இல்லை. மஞ்சள் அறை இருந்த இடத்தில் ஜெராக்ஸ் கடை. பகலிலும் குழல்விளக்கு எரிகிறது. அப்படியொரு இருட்டை மண்டி மொஹல்லாவில் இனித் தேடினாலும் கிடைக்காது. நான் அதிகம் பேசிப் பழகாதவன். வீட்டில் மின்சாரம் நின்றால், என் மனைவி இருக்கும் அறையின் கதவை விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நிற்பேன்.

"இருக்கேன், இருக்கேன்" என்பாள் உள்ளிருந்து.